கண்டனமும் பரிகாசமும்

ஓர் எழுத்தின் பெயரால் நாற்பது ஆண்டுகள் சண்டை நடந்ததென்றால் பிற நாட்டார் நம்பார். தமிழர் நம்புவர். அவ்வெழுத்து 'ம்' என்பது. 'அருட்பா' என்னும் சொல்லின் தலையில் அதனை ஏற்றிவிட்டால் 'மருட்பா' என்றாகும். அருளாற் பிறந்த பாட்டு, மயக்கத்தாற் பிறந்த பாட்டாக மாறிவிடும். அன்றியும், வெண்பாவும் ஆசிரியப்பாவும் மயங்கி வரும் செய்யுளுக்கு மருட்பா என்று பெயரிட்டு இலக்கண நூலார் முன்னரே வைத்திருந்தனர். ஆகவே ஏசினவனை நோக்கி, "இஃது என்ன வசை?" என்று கேட்டால், "யாப்பருங்கலத்தைப் பாரும்" என்று அவன் தப்பித்துக்கொள்ளலாம். படித்தவன் ஏசும் ஏச்சுக்கு எப்போதும் இப்படி ஒரு பின்வாசல் உண்டு.

தொல்காப்பியனார் நகைக்கு நான்கு நிலைக்களன் கூறி, அவற்றுள் எள்ளுதலையே முதலில் வைத்தார். குழந்தையின் மழலையும் பேதையின் தடுமாற்றமும் அதற்குப் பின்னரே வருகின்றன. நம்மவர் பிறரை எள்ளியே முதலிற் சிரிக்கக் கற்றார்கள் போலும் என்று நாம் எண்ணுவதுண்டு. உரையாசிரியர்கள் இதற்கு ஒவ்வாதிருக்கலாம். ஆயினும் தமிழ்நாட்டு மதச் சண்டைகளின் வரலாற்றைப் புரட்டுவோர்க்கு இந்த எண்ணம் தோன்றாமற் போகாது.

அருட்பாச் சண்டையின் வரலாறு இது. 1867ஆம் ஆண்டில் சென்னையிலே, இராமலிங்க சுவாமிகளின் பாடல்களை அவர் மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார் அச்சிட்டு வெளியிட்டார். நூலுக்குத் 'திருவருட்பா' என்றும், அதன் பகுதிகளுக்குத் 'திருமுறை' என்றும், பாடினவருக்குத் 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்றும் பெயர்கள் இடப்பட்டன. சைவர்களுக்கு இப்பெயர்கள் சாமானியமானவை அல்ல. தேவாரமும் திருவாசகமும் முதலியனவே அருட்பா. அவை அடங்கியவையே திருமுறை. கண்முன்னே நடமாடும் ஒருவருடைய பாட்டுக்கு அப்பெயரைச் சூட்டி, அதனைக் கோயில்களிலே ஓதவும் தொடங்கினால், பழைய திருமுறைகளின் கதி யாதாகும் என்று ஆறுமுக நாவலர் கேட்டார். அவர் கேட்ட கேள்வி கேட்கத்தக்க கேள்வியே. ஒரு சமயத்தின் நூல்கள் எவை, அவற்றை வரையறுக்க யாருக்கு உரிமை உண்டு என்பது உலகமெங்கும் பெருஞ் சமயங்கள் யாவும் விடை தேடிய விஷயம்.

ஆனால் கேட்ட முறை வேறாயிற்று. நாவலர் பக்கத்திலிருந்து 'போலியருட்பா மறுப்பு' வந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து மறுப்புக்கு மறுப்பு வந்தது. துண்டுப் பிரசுரம் துண்டுப் பிரசுரத்தை ஈன்றது. சிதம்பரத்துப் பேரம்பலத்தில் நடந்த ஒரு கூட்டத்திலே, 'நாவலர்' என்ற பட்டத்தையே பதம் பிரித்து வேறு வேறு பொருள் சொல்லிச் சிரித்தார்கள் என்று வழக்குக் கதை கூறும். அருட்பாவில் ஓர் எழுத்தைக் கூட்டியதற்கு நாவலரில் எழுத்தைப் பிரித்துப் பழி தீர்த்தார்கள் போலும்! 1869இல் விவகாரம் மஞ்சகுப்பம் நீதிமன்றம் ஏறிற்று. இராமலிங்கர்மேல் வழக்கு நிலைக்கவில்லை. அன்று நீதிமன்றத்தில் யார் எழுந்து நின்றார், யார் யாரை வணங்கினார் என்பது பற்றிப் பிற்காலத்தார் கட்டிய கதைகள் பல. ஒவ்வொரு கட்சியாரும் தத்தமக்கு ஏற்ற கதையை வைத்திருக்கின்றனர்.

நாவலர் இந்தப் படைக்கலத்தை எங்கே பயின்றார் என்பதை அறிதல் நலம். யாழ்ப்பாணத்தில் 1816 முதல் அமெரிக்கப் பாதிரிமார் வேரூன்றினர். 1841இல் 'உதயதாரகை' என்னும் பத்திரிகை பிறந்தது. புராணக் கதைகளை எடுத்துக்கொண்டு, இவையோ உங்கள் தெய்வங்கள் என்று நகைத்து எழுதுவது பாதிரிமாரின் வழக்கம். நாவலரோ வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் படித்து, அங்கேயே ஆசிரியராயிருந்து, பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்க உதவியவர். அந்நூலை வரிவரியாக அறிந்தவர். 1854இல் அவர் வெளியிட்ட 'சைவதூஷண பரிகாரம்' அந்த அறிவின் பயன். எங்கள் கோயிற் கிரியைகளைப் பார்த்து நகைக்கிறீர்களே, உங்கள் பழைய ஏற்பாட்டிலே கூடாரமும் பலிபீடமும் தூபமும் விளக்கும் அபிஷேகத் தைலமும் வரவில்லையா என்று எதிரியின் வீட்டுக் கண்ணாடியையே எடுத்து எதிரியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். ஆரவாரமான ஹாஸ்யம் அதில் இல்லை. வாய்மூடிப் புன்னகைக்கும் ஒரு வக்கீலின் நகைப்பே அதில் உள்ளது. நாவலரின் கண்டனங்களுள் இதனையே நாம் உயர்ந்ததாக மதிப்போம். தம்மைவிட வலியவனோடு, அரசாங்கமும் பள்ளிக்கூடமும் உத்தியோகமும் கையில் வைத்திருந்தவனோடு, அவர் செய்த போர் அது. அதே வாளைப் பின்னர் வடலூர்ச் சாமியாரின்மீது வீசியபோது வாள் கூர்மையாகவே இருந்தது, வீச்சுத்தான் சிறுத்துப்போயிற்று.

1874இல் இராமலிங்கர் மேட்டுக்குப்பத்து அறைக்குள் புகுந்து மறைந்தார். 1879இல் நாவலர் மறைந்தார். சண்டை மறையவில்லை. நாவலர் மரபில் வந்த யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளை 1904இல் 'இராமலிங்க பிள்ளை பாடல் ஆபாச தர்ப்பணம்' என்ற நூலோடு களம் புகுந்தார். எதிர்த்து நின்றவர்களுள் மறைமலையடிகள் ஒருவர். செய்குத்தம்பிப் பாவலர் மற்றொருவர். பாவலர் நாஞ்சில் நாட்டு முஸ்லிம் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒரு சைவ அடியாரின் பாட்டு அருளா மருளா என்று சைவர்கள் இரண்டுபட்டு நிற்க, அருளே என்று வாதாட ஒரு முஸ்லிம் புலவர் மேடை ஏறினார். இக்காலத்தில் இப்படி ஒரு காட்சியைக் காண எத்தனை மைல் நடக்கவும் நாம் சித்தம்.

கதிரைவேற் பிள்ளைமீது சென்னையில் வழக்குத் தொடர்ந்தார்கள். அவருக்குச் சாட்சி சொல்லச் சென்ற மாணாக்கர் ஒருவர், அதனாலே தம் பள்ளி இறுதிப் பரீட்சையை இழந்தார். அவர்தாம் திரு. வி. கலியாணசுந்தர முதலியார். ஆசிரியரின் பரிகாசத்துக்கு மாணவன் செலுத்திய கட்டணம் அது! பிற்காலத்தில் அதே திரு. வி. க. 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' என்று ஒரு நூல் எழுதி, சுவாமிகளை வாயார வாழ்த்தினார். ஆசிரியரையும் அவர் கடைசிவரை பழிக்கவில்லை. இரண்டு அன்பும் ஒரு நெஞ்சில் அடங்கின.

இச்சண்டையிலே நமக்கு மிக வருத்தந் தருவது வேறொன்று. பாட்டு அச்சான அதே 1867ஆம் ஆண்டு மே மாதத்தில், வடலூரில் இராமலிங்கர் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். சாதி கேளாமல் பசித்தவர்க்குச் சோறிடும் அந்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. ஒரு மனிதர் அடுப்பு மூட்டிய ஆண்டில், நாட்டின் மகா வித்துவான்கள் அவருடைய பாட்டின் முதலெழுத்தைப் பற்றி மோதிக்கொள்ள முனைந்தார்கள்.

பரிகாசத்தை மதவாதத்தில் பயன்படுத்துவது வெள்ளைக்காரரிடம் நாம் கற்ற வித்தை என்று சிலர் எண்ணுகின்றனர். ஆங்கிலப் பாடசாலையிற் படித்த நமக்கும் அவ்வெண்ணம் இருந்தது. வால்டேரையும் ஸ்விப்டையும் அறிந்து பல ஆண்டுகள் சென்ற பிறகே, காஞ்சிபுரத்து மகேந்திர பல்லவனை அறிந்தோம். இது நமக்கு வெட்கமே. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வரசன் வடமொழியில் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் சிறு நாடகம், 1917இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியாரால் அச்சேறியது. கதை இதுதான்: கள்ளில் மிதக்கும் காபாலிகன் ஒருவன் தன் துணைவியோடு காஞ்சித் தெருவில் தள்ளாடி வருகிறான். சாராயக் கடையைக் கண்டு வேள்விச்சாலை என்று வருணிக்கிறான். பிச்சை வாங்கும் கபாலத்தைக் காணோம். எதிரே வருகிறார் ஒரு பௌத்த பிக்கு. கருணையே வடிவான புத்தர் நல்ல சோறும் நல்ல படுக்கையும் அனுமதித்துவிட்டு, மதுவையும் மாதரையும் மட்டும் எப்படி விலக்கியிருப்பார், பொறாமை பிடித்த கிழப் பிக்குகள் மூல நூலிலிருந்து அப்பகுதியை ஒளித்துவிட்டார்களே என்று அவர் தம்முள் அங்கலாய்த்துக்கொண்டு வருகிறார். "நீதான் கபாலத்தைத் திருடினாய்" என்று சண்டை. நடுவராக ஒரு பாசுபதன் வருகிறான். அவனும் யோக்கியன் அல்லன். இறுதியில் ஒரு பித்தன் கபாலத்தைக் கொண்டு வருகிறான். அதிற் கிடந்த இறைச்சிக்காக எடுத்துச் சென்றது ஒரு நாய்!

மூன்று சமயத்தார் தத்துவம் பேசிக் கட்டிப்புரண்டது ஒரு நாய் செய்த காரியத்துக்காக. இதைவிட நயமான கண்டனம் எவர் செய்தார்? ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. எழுதினவன் அரசன். பெரிய புராணம் கூறுவதன்படி, முதலிற் சமணனாயிருந்து அப்பரைத் துன்புறுத்தியவனும், பின்னர்ச் சைவனாகிப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து அக்கற்களால் திருவதிகையிற் கோயில் எடுப்பித்தவனும் ஒரு பல்லவன். அவன் மகேந்திரனே என்பர் ஆராய்ச்சியாளர். நகைத்த கையும் இடித்த கையும் ஒன்றாயின், நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பிக்குமார் எத்துணை வாய்விட்டுச் சிரித்திருப்பர்? அரசன் ஹாஸ்யம் சொன்னால் சபையார் சிரிக்கத்தான் வேண்டும். தோட்டத்தில் துரை சொன்ன ஹாஸ்யத்துக்கு நாம் சிரித்ததில்லையா?

அதே நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகந்தோறும் பத்தாம் பாட்டைச் சமணரையும் பௌத்தரையும் பழிப்பதற்கென்றே ஒதுக்கிவைத்தார். அவர் நின்று உண்பதும், குளியாதிருப்பதும், உடையும் நகைக்கு உரியவாயின. இதற்கு மேல் இங்கே நாம் நிற்க வேண்டுவதில்லை. சமணர் பக்கத்து 'நீலகேசி'யும் எதிர்க்கட்சியைச் சும்மா விட்டதன்று.

வீரமாமுனிவரின் செய்தி சுவையானது. இத்தாலி நாட்டுப் பெஸ்கி பாதிரியார் மதுரை மிஷனுக்கு வந்தது 1711 அளவில். தரங்கம்பாடியில் 1706 முதல் வேரூன்றிய லுத்தரன் பாதிரிமாருக்கும் அவருக்கும் பெரும் பகை. கிறிஸ்துவின் பெயரால் கப்பலேறி வந்த இரு சாராரும் தமிழில், தமிழர் முன்னிலையில், ஒருவரை ஒருவர் கண்டித்தனர். முனிவரின் 'வேதவிளக்கம்', 'பேதகமறுத்தல்' என்பன அப்போரில் எழுந்தவை. அவற்றை இன்று யார் படிக்கிறார்? அவர் விளையாட்டாக எழுதிய 'பரமார்த்த குருவின் கதை' மட்டும் பள்ளிப் பிள்ளை வாயிலும் உள்ளது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரையும், ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிக்கும் குருவையும் அறியாதவர் யார்? பேச்சுத் தமிழைப் பாதிரிமாருக்குக் கற்பிக்கவே எழுதியது என்பது ஒரு சாரார் கொள்கை. சைவ மடாதிபதிகளை ஏளனஞ் செய்யவே எழுதியது என்பது மற்றொரு சாரார் கொள்கை. நாம் ஒன்று கேட்போம்: 1822இல் லண்டனில் அச்சேறிய அந்நூலைத் தமிழர் ஏன் இத்தனை அன்போடு ஏற்றுக்கொண்டனர்? எந்த மடத்தையும் பெயர் சொல்லவில்லை. எந்தத் தெய்வத்தையும் தொடவில்லை. அவரவர்க்குத் தெரிந்த குருவை அவரவர் அதிற் கண்டனர். குதிரை முட்டை என்று பூசணிக்காயை வாங்கின பேர்வழி எல்லா மதத்திலும் இருக்கிறான் அல்லவா!

பிரெஞ்சு தேசத்தில் இது பற்றி ஒரு தர்க்கமே நடந்தது. 1656, 57ஆம் ஆண்டுகளில் பாஸ்கால் என்னும் பேரறிஞர், பெயரை மறைத்து 18 கடிதங்கள் எழுதி, பாவத்துக்குச் சமாதானம் கூறும் ஏசு சபைக் குருமாரைக் கேலி செய்தார். புனித விஷயத்தில் நகைக்கலாமா என்று எதிரிகள் குமுறினர். பதினோராம் கடிதத்தில் அவர் விடை கூறினார்: ஆதாம் கனியைத் தின்று விழுந்தபோது கடவுளே அவனை நோக்கி ஏளனமாகப் பேசவில்லையா என்பது அவர் வாதம். அதனோடு அவர் சில நிபந்தனைகளும் விதித்தார். பொய் சொல்லலாகாது, தவற்றை நகைக்கலாம், புனிதத்தை நகைக்கலாகாது, நகைக்கப்படுகிறவனுடைய நன்மையை உள்ளத்தில் வேண்டிக்கொண்டே நகைக்க வேண்டும். கடைசி நிபந்தனை நம்மைப் போன்றவர்க்கு மிகக் கடினம். 1660இல் அரசன் ஆணையால் அக்கடிதங்கள் எரிக்கப்பட்டன.

நிபந்தனை ஏதுமின்றி நகைத்தால் என்ன நேரும் என்பதற்கு லாகூர் சாட்சி. 1920களில் பஞ்சாபிலே ஆரிய சமாஜத்தாரும் முஸ்லிம்களும் ஒருவர் பெரியாரை மற்றவர் இழிவாக நகைக்கும் துண்டு நூல்களை மாறி மாறி வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றை வெளியிட்டவர் 1927இல் விடுதலை பெற்றார். அவ்வாண்டே மத உணர்ச்சியைப் புண்படுத்துவோரைத் தண்டிக்க இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295ஏ என்ற பிரிவு ஏறிற்று. 1929 ஏப்ரலில் அவர் குத்திக் கொல்லப்பட்டார். கொன்ற இளைஞன் அக்டோபரில் தூக்கிலிடப்பட்டான். இரண்டு உயிர்கள் போயின. உண்மை ஒரு சிறிதும் விளங்கவில்லை.

அதே 1929ஆம் ஆண்டு டிசம்பரில்தான் ஈ. வெ. ராமசாமிப் பெரியார் மலாயாவுக்குக் கப்பலேறி வந்து, நம் ஈப்போ நகரிற் கூடிய தமிழர் மாநாட்டிலே பேசினார். தைப்பிங், சுங்கை சிப்புட் முதலிய ஊர்களுக்கும் சென்று, 1930 ஜனவரியில் திரும்பினார். அவருக்கு முன்னரே அவருடைய 'குடி அரசு' இங்கே வந்துவிட்டது. 1925 மே 2இல் ஈரோட்டிற் பிறந்த அவ்வாரத் தாளில் 'சித்திரபுத்திரன்' என்று கையொப்பமிட்ட கட்டுரைகள் வரும். எழுதியவர் பெரியாரே. புராண மரியாதைக்காரர் ஒருவரும் சுயமரியாதைக்காரர் ஒருவரும் உரையாடுவது போல அவர் எழுதுவார். புராணக்காரர் ஒரு கதையைத் தொடங்குவார். மற்றவர் அடக்கமாக ஒரு சந்தேகம் கேட்பார். அதற்கு விடை சொல்லப் புகுந்து முன்னவர் மேலும் சிக்கிக்கொள்வார். வசைச் சொல் வேண்டியதேயில்லை. கதையைக் கதையாகவே சொல்லவிட்டால் போதும். முன்பு யாழ்ப்பாணத்துப் பாதிரிமார் எடுத்த அதே புராணங்கள்தாம். ஆயின் அவர்கள் தம் வேதத்தை மட்டும் கேள்விக்கு அப்பால் ஒதுக்கி வைத்தனர். சித்திரபுத்திரன் எதையும் ஒதுக்கவில்லை. சென்னையில் 1880களில் 'தத்துவ விவேசினி' நடத்திய கூட்டத்தார் போட்ட ஒற்றையடிப் பாதை அவர் காலத்திலே ராஜபாட்டை ஆயிற்று.

அப்புனைபெயரில் நமக்கு ஒரு சொந்தம் உண்டு. சித்திரபுத்திரர் யமனுடைய கணக்குப்பிள்ளை. எவன் என்ன செய்தான் என்று ஏட்டில் எழுதிவைப்பவர். நாமும் தோட்டத்துக் கிராணி. எவர் வேலைக்கு வந்தார், எவர் வரவில்லை என்று செக்ரோலில் எழுதுவதே நம் பிழைப்பு. இருவரும் ஒரே உத்தியோகஸ்தர். இந்தச் சொந்தத்தை நினைத்து ஒரு காலத்தில் நாம் மிக்க கர்வங் கொண்டோம். அக்கர்வத்தால் நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

பேராவில் உள்ளடங்கிய ஒரு தோட்டத்தில் நாம் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களிற் பாதி காலி. கோயில் மட்டும் பழைய இடத்தில் இருந்தது. கோயிற் பணத்துக்கு ஒழுங்கான கணக்கு இல்லை என்று ஊரெல்லாம் முணுமுணுத்தது. நாம் வாலிபர் கூட்டத்தில் வாசிப்பதற்காக ஒரு ஹாஸ்யக் கட்டுரை எழுதினோம். தெய்வங்களெல்லாம் விடியற்காலையில் பெரட்டுக்கு வரிசையாக நிற்கின்றன. முனியாண்டி மதுவால் வரவில்லை. மாரியம்மன் அக்கினிக் காய்ச்சல் என்று விடுமுறை கேட்கிறாள். பால்குடம் எடுத்தவர்களின் பாலைக் குடித்து வயிறு கெட்டதால் முருகனுக்கு அரை நாள். கூட்டம் உருண்டு சிரித்தது. கோயில் நிர்வாகத்தாரும் முன்வரிசையிலிருந்து சிரித்தனர்.

அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று அன்றிரவு படுத்த பின்னரே எண்ணினோம். கணக்கைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. பணத்தை வைத்திருந்தவர் நம் மேலதிகாரி. எழுதும்போதே அந்த இடத்தைப் பேனா தானாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. தெய்வங்கள் நம்மை வேலையிலிருந்து நீக்கமாட்டா. அதனால் அவற்றைச் சாடினோம்.

மறுநாட் காலை, உதிரிப் பழம் பொறுக்கும் மூதாட்டி ஒருவர் நம் மேசை முன் வந்து நின்றார். பேரப்பிள்ளையின் நோய் தீர வேண்டி அவ்வாண்டு பால்குடம் எடுத்தவர்.

"கிராணி ஐயா, நேத்து சாமிக்கெல்லாம் ஆப்சென்ட் போட்டீங்களாமே?"

"சும்மா விளையாட்டுக்கு, பாட்டி."

"விளையாட்டுன்னா சரிதான். நான் குடம் எடுக்கப் போன அன்னைக்கு எனக்கு அரைப் பேராச்சும் போட்டீங்களான்னு பாருங்க. காலையில பத்து மணி வரைக்கும் பொறுக்கிட்டுத்தான் போனேன்."

ஏட்டைப் புரட்டினோம். போடவில்லை. அவர் சிரித்தார், பின்னால் நின்ற பெண்கள் நால்வரும் சிரித்தனர். அன்று பெரட்டில் நகைக்கப்பட்டவர் நாமே. ஏட்டைத் திருத்தினோம்.

சித்திரபுத்திரன் நகைத்ததற்கும் நாம் நகைத்ததற்கும் உள்ள வேற்றுமை அன்று நமக்குப் புலனாயிற்று. ஈரோட்டார் கோயில் தேவஸ்தானத் தலைவராயிருந்தவர், பெருவணிகர் குடும்பத்தவர், தம் வீட்டுக்குள்ளேயே எரிந்த விளக்கை ஊதி அணைத்துப் பார்த்தார். அதற்குச் சிறையும் கல்லடியும் விலையாகக் கொடுத்தார். மலாயாவில் அவருடைய கருத்தைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் கோ. சாரங்கபாணி, 1929இல் தொடங்கிய 'முன்னேற்றம்' வார இதழிலும், 1935 ஜூலையில் தொடங்கிய 'தமிழ் முரசு'விலும் சீர்திருத்தமே அவர் பேச்சு. ஆனால் தோட்டத்துக் கோயில் இங்கே தாய்நாட்டுக் கோயில் போன்றதன்று என்பதைக் காலப்போக்கில் அவர் நன்கறிந்தார் என்றே கொள்கிறோம். நிலமும் வீடும் துரைக்குச் சொந்தமாயிருந்த இடத்தில், கூலிக்காரன் தன் கையாற் கட்டித் தனதென்று சொன்னது அந்தக் கோயில் ஒன்றே. 1952இல் சாரங்கபாணி பொங்கலையொட்டித் 'தமிழர் திருநாள்' கொண்டாட வழி செய்தார். கண்டனம் செய்து கலைத்த கூட்டத்தை, மத வேற்றுமை பாராமல் ஒரே பந்தலின்கீழ்க் கூட்டிய செயல் அது. மலாயாத் தமிழருக்கு அவர் செய்தவற்றுள் அதுவே பெரிது என்பது நம் எண்ணம், மாறுபடுவோர் மாறுபடுக.

தாய்நாட்டிலோ பரிகாசம் மேடை ஏறி இடிமுழக்கம் செய்தது. பாரதிதாசனின் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' 1934இலேயே நடிக்கப்பட்டு, 1948இல் தடை செய்யப்பட்டது. 1954இல் எம். ஆர். ராதா இராமாயணத்தைத் தலைகீழாக்கி நாடகமாக ஆடினார். மனம் புண்படுவோர் வரவேண்டா, அவர்கள் காசும் வேண்டா என்று அவரே விளம்பரம் செய்தார். வந்தவர்கள் குவிந்தனர். போலீஸார் வாசலில் நிற்க, அவர்களையும் மேடையிலிருந்தே கிண்டல் செய்தார் என்பர். அவரை அடக்கவே அவ்வாண்டு சென்னை அரசாங்கம் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு நடிகனின் வாய்க்காக ஒரு சட்டமன்றம் கூடிச் சட்டம் செய்த பெருமை உலகில் எத்தனை பேருக்கு வாய்த்தது? அச்சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் செல்லா என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013இல். ராதா 1979இலேயே இறந்துவிட்டார்.

ராதாவின் துணிவை நாம் வணங்குகிறோம். ஆயினும் அவர் கொட்டகைக்குள் வந்து சிரித்தவர்கள் பெரும்பாலும் முன்னரே அவர் கட்சியார். இராமனை வணங்கிக்கொண்டே உள்ளே வந்து, வெளியே போகும்போது சற்று யோசித்தவர் எத்தனை பேர்? இவ்வகையில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் 'கிந்தனார்' காலட்சேபத்துக்கே நாம் முதலிடம் தருவோம். 1949இல் 'நல்லதம்பி' படத்தில் அது இடம்பெற்றது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தை அடியொற்றி, பாகவதர் வேடம் பூண்டு, சப்ளாக்கட்டையும் பின்பாட்டுமாக அவர் நிகழ்த்தினார். நந்தனுக்குச் சிதம்பரத்துக்குப் போக ஆசை. கிந்தனுக்குப் படிக்க ஆசை. நந்தனைத் தடுத்தவர் வேதியர். கிந்தனை அடித்து விரட்டியவர் வாத்தியார். நந்தன் தீயில் இறங்கித் தூயவன் ஆனான்; கிந்தன் புகைவண்டி ஏறிப் பட்டணம் போய்ப் படித்து, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகத் திரும்பி வந்தான். அடித்த வாத்தியாரே மாலையோடு எதிர்கொண்டார்!

இதில் நந்தனைப் பற்றி ஓர் இழிசொல் இல்லை. சிதம்பரத்தைப் பற்றியும் இல்லை. காலட்சேபத்தின் ராகமும் தாளமும் பக்தியின் சொத்தாகவே இருக்கின்றன. தீயில் இறங்காமல் ஒருவன் மேலேறலாகாதா என்ற கேள்வி மட்டும் சிரிப்போடு சிரிப்பாக உள்ளே போய்த் தங்கிவிடுகிறது.

ஈப்போ புந்தோங்கில் நமக்குத் தெரிந்த முதியவர் ஒருவர் இருக்கிறார். பால்மரம் வெட்டி ஓய்ந்த கை. கிந்தனார் முழுவதும் அவருக்கு மனப்பாடம். புகைவண்டி வரும் இடத்தில் நாற்காலியைத் தட்டித் தாளம் போட்டுச் சிரிப்பார். தைப்பூசத்தன்று விடியற்காலையில் புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலைக்குப் புறப்படும் கூட்டத்தோடு அவரும் நடப்பார். இரண்டும் எப்படி ஒத்துவரும் என்று ஒருமுறை கேட்டோம். "கிராணியாரே, சாமி கும்பிடத்தான் போறேன், பள்ளிக்கூடத்த மூடச் சொல்லியா போறேன்?" என்று சொல்லிவிட்டு, வெற்றிலைப் பெட்டியை நம் பக்கம் நகர்த்தினார்.